மேகமில்லாத வானம்

இடி இடித்தால் பெரியவர் இன்றும் கட்டிலுக்கடியில் பதுங்குவார். அவர் பார்த்த போர் அப்படி. மகனும் பட்டாளத்துக்காரன்தான். அவனுக்கோ மேகம் கலைந்து வானம் வெளுத்தாலே நடுக்கம்.

"பாப்பாவை மாடியிலேருந்து இறக்கு!" என்று மனைவியிடம் கத்தினான்.

அவள் மாமனாரிடம் திரும்பினாள். "பாருங்க மாமா! இப்படியே கத்தினா, பாப்பாவைக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்."

பெரியவர் சிரித்தார். "ஆபீஸ் நாற்காலியைத் தேய்ச்சவன் நீ. உன்னை எந்த விமானம்டா துரத்துச்சு?"

"துரத்தலைப்பா. அந்த நாற்காலியிலேருந்துதான் ஆளில்லா விமானம் ஓட்டினேன். மேகம் இருந்தா ஸ்கிரீன்ல எதுவும் தெரியாது. அன்னைக்கு வானம் சுத்தமா இருந்துச்சு. குண்டு போடுற பட்டனை அழுத்தின அப்புறம்தான், அங்கே ஒரு வீட்டு மாடியில கயிறு தாண்டுற பொண்ணைப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாப்பாவுக்குச் சோறு ஊட்டினேன்."

பெரியவர் மாடிப்படி ஏறினார்.

"கீழ வாடா கண்ணு. மேகம் வந்ததும் விளையாடலாம். தாத்தா கூடவே இருக்கேன்."