டொலோரஸ் கேட்ட கார்

"ரெண்டு மைல் தூரத்துக்கு இருபதடி நீளக் கார் எதுக்கு?" என்றார் செஸ்டர். "அந்தச் சின்னதே போதும். பெட்ரோலும் கம்மியாக் குடிக்கும்."

வென்டலின் ஷெட்டில் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று அறுபத்தொன்றாம் வருடத்தது. கன்னங்கரேல் என்று, பின்னால் மீன் துடுப்பு மாதிரி தூக்கிய இரண்டு தகடுகளோடு, ஜன்னல்களில் பட்டுத் திரையோடு ராஜா மாதிரி இருந்தது. இன்னொன்று போன வருடத்தது. வெள்ளை நிறம், கைக்கடக்கம்.

டொலோரஸ் கறுப்புக் காரின் கதவைத் தடவினாள். டொலீடோ ஊரில் செஸ்டரோடு நாற்பத்தாறு வருடக் குடித்தனம். அவர் வாங்கிய குட்டிக் கார்களில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தே காலம் ஓடிவிட்டது. ஒரே ஒரு தடவை, நாத்தனார் ஐரீன் கண்ணெதிரே, சர்ச் வாசலில் பெரிய காரில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"இதுல ஏசி உண்டா?" என்றார் செஸ்டர்.

"கிடையாது சார்," என்றார் வென்டல். "ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல."

"சின்னதுல?"

"இருக்கு."

"கேட்டுக்கோ டொலோரஸ். ஏசி, ரிவர்ஸ் கேமரா, வழி சொல்ற மெஷின், எல்லாம் இருக்கு."

"எனக்குத் தெரியாத வழியா? காலை நீட்ட முடியுமா, அதைக் கேளு."

வென்டல் தொண்டையைச் செருமினார். "பெரியதுல தாராளமா நீட்டலாம் மேடம். சின்னதுன்னா ஏற்பாடே வேற. பெரியதைப் பதினஞ்சு மைல் வேகத்துக்கு மேல ஓட்டமாட்டோம். குலுக்கலே தெரியாது. சிக்னல்ல எல்லாரும் நின்னு வழி விடுவாங்க."

"பதினஞ்சா? நான் சைக்கிள்லயே முந்திடுவேன்."

"நீ ஏன் முந்தணும்?" என்றாள் டொலோரஸ். "பேசாம பின்னாலேயே வா."

செஸ்டர் பேரத்தில் இறங்கினார். "எவ்வளவு குறைப்பீங்க?"

"இந்த மாசம் எழுதிக் குடுத்தா இன்னிக்கு விலைதான் சார். பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் ஏத்தமாட்டோம். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினா பத்து சதவீதம் தள்ளுபடி."

செஸ்டரின் முகம் மலர்ந்தது. தள்ளுபடி என்றால் பல் டாக்டரிடம்கூட இரண்டு பல்லாகப் பிடுங்கிக்கொள்கிற ஆள் அவர். "அப்ப சரி. ரெண்டு பேருக்கும் எழுதிடு டொலோரஸ்," என்று, படித்துப் பார்க்காமலே தன் படிவத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

டொலோரஸ் நிதானமாக நிரப்பி, இரண்டு படிவங்களையும் வென்டலிடம் நீட்டினாள்.

"எனக்குப் பெரிய கார், தேக்குச் சவப்பெட்டியோட. இவருக்குச் சின்னது போதும். எரிச்சு, சாம்பலை ஒரு ஜாடியில போட்டு முன் சீட்ல வெச்சுடுங்க, பெட்டிக் காசு மிச்சம்னு சந்தோஷமாப் போவாரு."