உட்கார மறுத்த மூவர்

வந்த மூன்று பெரியவர்களும் உட்கார மறுத்துவிட்டார்கள்.

சோபா காலியாகக் கிடந்தது. வீட்டுக்காரர் மெகோனன் மட்டும் தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, தோளில் கிடந்த வெள்ளைப் போர்வையைச் சரிசெய்தார்.

"என்ன விஷயம், லெம்மா அண்ணே?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

விஷயம் சமையலறையில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி யெஷிக்கே தெரிந்துவிட்டது. வாஷிங்டனுக்கு வந்து டாக்சி ஓட்டினாலும் எத்தியோப்பியர்கள் இந்த வழக்கத்தை மட்டும் விடுவதில்லை. சமாதானம் பேச வந்த பெரியவர்கள், கேட்டது கிடைக்கும்வரை உட்காரமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

மூவரில் மூத்தவரான லெம்மா கைத்தடியை மறு கைக்கு மாற்றினார். "ஹிருத்துக்காக வந்திருக்கோம், தம்பி. உன் பொண்ணை நீ வீட்டுக்குள்ள சேர்த்துக்கணும்."

யெஷி சட்டென்று ஜன்னல் திரையை விலக்கினாள். வாசலில் ஒரு கார். பின் சீட்டில் ஒரு சுருட்டைத் தலை எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது.

பேத்தி! போனில் மட்டுமே பார்த்திருந்த பேத்தி.

கொட்டை கருகும் வாசனைகூட அவளுக்கு எட்டவில்லை.

மெகோனன் நிதானமாகப் பழைய கதையை ஆரம்பித்தார். பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர்கூட வரவில்லை. மகள் தானே போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்தி போனில் ஒரு போட்டோவாக வந்தது.

"அன்னிக்கு என் வாசலுக்கு வர ஒரு ஆள் இல்லை. இன்னிக்கு மூணு பேரா?"

"அதுக்காக, 'என் பொண்ணு செத்துட்டா'ன்னு ஊர் பூரா சொன்னியே, அது நியாயமா?" என்றார் லெம்மா.

மெகோனன் கூரையைப் பார்த்தார்.

மூவரில் ஒருவரான மளிகைக்கடை தாடெஸெ முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "மூட்டு ஆபரேஷன் பண்ணின டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னாரு. நிக்கச் சொல்லலை. கொஞ்சம் மனசு வைப்பா."

"யோசிக்கணும்" என்றார் மெகோனன்.

யெஷியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. புகையும் வாணலியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"நல்லா யோசிங்க. அவசரமே இல்லை. பேத்தி காலேஜ் முடிச்சதும் கூப்பிட்டுக்கலாம். உங்களை மாதிரி கல்நெஞ்சுக்காரரை நான் பார்த்ததே இல்லை."

மெகோனன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, வரச்சொல்லுங்க. உங்க மூணு பேர் முகத்துக்காகத்தான்."

பெரியவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் சோபாவில் சரிந்தார்கள். யெஷி வாணலியை எங்கே வைத்தாளோ, செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

ஹிருத் உள்ளே வந்து, மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி அப்பாவின் முழங்காலை முத்தமிடக் குனிந்தாள். அதற்குள் மெகோனன் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கதவருகே நின்றான். குழந்தை தாத்தாவின் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

மெகோனனுக்குக் குரல் உடைந்தது. அதை மறைக்க விறைப்பாகச் சொன்னார்: "நன்றி சொல்லணும்னா இவங்களுக்குச் சொல்லு. இவங்க கெஞ்சினதாலதான் நான் இறங்கி வந்தேன்."

யெஷி ஆமாம் என்று தலையாட்டினாள். லெம்மா மட்டும் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹிருத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை இவங்க மூணு பேரும் எங்க வீட்டுக்கும் வந்தாங்கப்பா. 'உங்கப்பாதான் எங்களை அனுப்பினார், உன்கிட்ட மன்னிப்புக் கேட்கிறார்'னு சொல்லிட்டு இதே மாதிரி நின்னாங்க. நான் உடனே உட்கார வெச்சுட்டேன்."