கையெழுத்துக்குக் கீழே

விலகிப் போகிறவர்களுக்கான அனுபவச் சான்றிதழைப் பதினாறு வருடமாக அந்த பம்ப் கம்பெனியில் கோகிலவாணிதான் டைப் அடித்தாள். எல்லாருக்கும் ஒரே வாசகம்: நேர்மையானவர், திறமையானவர். பிடிக்காத ஆளென்றால் மட்டும் முதலாளி கையெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார். அதைப் பார்த்துவிட்டுத் தொழிற்பேட்டையில் ஒருவரும் வேலை தரமாட்டார். அலைந்து ஓய்ந்த லேத் ஆபரேட்டர் ஒருவர் அந்தப் புள்ளியைக் காட்டி என்னவென்று கேட்டபோது, "பேனா பட்டிருக்குமுங்க" என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

இன்று அவளுடைய சான்றிதழ். முதலாளி கையெழுத்துப் போடும்போதே போன் அடித்தது. பேசி முடிக்கும்வரை பேனா முனை காகிதத்திலேயே நின்றது. எடுத்தபோது கையெழுத்துக்குக் கீழே கடுகளவு நீலம்.

"சார், புள்ளி விழுந்துருச்சுங்க. வேற அடிச்சுட்டு வரட்டுங்களா?"

"எந்தப் புள்ளி, அம்மணி?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, புள்ளி மறையாதபடி, சற்றுத் தள்ளிக் குத்தினார்.

"பேனா பட்டிருக்கும், அம்மணி."