பன்னெண்டாவது ஜோடி

"பெத்தவங்க யாராச்சும் அவகிட்டப் போயி புள்ளைய விடுவாங்களா?"

ஒரு மாசமாக மாரண்டஹள்ளியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சோபனா கேட்ட கேள்வி இதுதான்.

விட்டிருந்தார்களே! சோபனாவின் டே கேரில் இருந்த பதினாலு பிள்ளைகளில் பதினொன்று, அங்கே வேலை பார்த்த நஸீமா பின்னாலேயே போய்விட்டன. அவள் அடுத்த தெருவில், தன் வீட்டிலேயே சொந்தமாக டே கேர் ஆரம்பித்துவிட்டாள். இங்கே மிச்சம் மூன்று. இன்னும் ஒன்று போனால் பூட்டுத்தான்.

சோபனா சும்மா விடுகிற ஆளா? சுவரில் சட்டமே எழுதி ஒட்டினவள் ஆயிற்றே! பிள்ளைகளை இடுப்பில் தூக்கக் கூடாது, பழகிடும். சொந்தப் பிள்ளையை வேலைக்குக் கூட்டிவரக் கூடாது, ஒழுங்கு கெட்டுடும். அதனால்தான் அவளுடைய நாலு வயசு மகன் பூவரசன், அப்பா முருகேஷோடு தினமும் தக்காளி மண்டிக்குப் போகிறான்.

அன்றைக்குக் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ரெண்டு தடவை திட்டிப் பார்த்துக்கொண்டாள். "சோத்துல உப்பு போட்டுத்தான திங்கிற?" என்ற இடம் பிரமாதமாக வந்தது. நேராக நஸீமா வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள். செருப்பைப் பார்த்தே பிள்ளையின் பெயர் சொல்லிவிடுவாள் சோபனா. பத்து வருஷ அனுபவம் என்ன லேசா?

"இது ஆசிம்... இது கலைமணி... அடப் பாவிங்களா!"

எண்ணிக்கொண்டே போனாள். பதினொன்று சரி. பன்னெண்டாவதாக ஒரு நீல ஜோடி இருந்தது. அறுந்த வாரைச் சிவப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தது.

அந்தக் கோணல் தையலைக் காலையில் போட்டவளே சோபனாதான்.

கதவு திறந்தது. நஸீமாவின் இடுப்பில் பூவரசன்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. மண்டியில லாரிங்க நடுவுல புள்ள அழுதுட்டே நின்னுச்சுங்களாம். அண்ணந்தான் கொண்டாந்து விட்டாருங்க. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டாரு."

சோபனா ரெண்டு கையையும் நீட்டினாள். "வாடா தங்கம், அம்மாகிட்ட வா."

பூவரசன் நஸீமாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டான்.

"தூக்கக் கூடாதும்மா. பழகிடும்."

மனப்பாடம் பண்ணி வந்த வசவில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"நஸீமா..."

"சொல்லுங்க மேடம்."

"சாயங்காலம்... எத்தனை மணிக்கு வந்து கூட்டிக்கிறது?"