பங்களா வாசலில் ஒப்பாரி

"துரைமாருக்கு ஒப்பாரி பாடி எனக்குப் பழக்கமில்லீங்கய்யா" என்றாள் அம்மாக்கண்ணு.

கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றிருந்தாள். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் அவளைத் தேடித் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே வந்திருந்தார்.

"துரையோட ஆசை இது, அம்மாக்கண்ணு. பதினெட்டு வருசமா உன் குரலு பங்களா வரைக்கும் கேட்டிருக்கு. ஒருதரம் பக்கத்துல பாட வைக்கணும்னு என்கிட்டதான் சொன்னாரு. எப்படி மறுக்கிறது?"

அவள் யோசித்தாள். அட்டன் ஊரைச் சுற்றி எந்தத் தேயிலைத் தோட்டத்தில் இழவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் வாயைத் திறந்ததும் செத்துப்போன தன் தங்கச்சியின் ஞாபகம் வந்துவிடும். அவளுக்காகவே அழுதுவிட்டு வருவாள். போன மாசியில் வேலாயி, தன் புருசன் பிணத்துக்குப் பக்கத்திலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை, எல்லாம் உன் தங்கச்சிக்கே போய்விட்டது என்று.

அன்றிலிருந்து அம்மாக்கண்ணு பாட்டையும் கொழுந்து பறிப்பதுபோல ஒரு வேலையாகவே பார்த்தாள். யாருக்குப் பாடப் போகிறாளோ அவரைப் பற்றி விசாரித்துக்கொள்வாள். போவதற்கு முன் இரண்டு தரம் பாடிப் பார்ப்பாள். தான் அழுவதில்லை. ஒத்துக்கொண்டால் பின்வாங்குவதும் இல்லை.

"சரிங்க. வெவரம் சொல்லுங்க" என்றாள்.

முத்துலிங்கம் சொன்னார். இடது காலில் வாதம். நாய்க்குக் கேக்கில் பாதி கொடுக்கிற பழக்கம். லயத்துக்குப் பைப்புத் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர்தான். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போடும் சத்தம் அடுத்த மலைக்கும் கேட்கும். எல்லாவற்றையும் அவள் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் பகலில் தோட்டமே பங்களா வாசலில் கூடியிருந்தது. துரையை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்து மறைய மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் துரைசாணி தலைகுனிந்து இருந்தாள். அவரைப் பார்த்ததும் அம்மாக்கண்ணு படியிலேயே நின்றுவிட்டாள். திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஒத்துக்கொண்ட வேலை. முந்தானையை இடுப்பில் செருகி, மாரில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்.

"பைப்புத் தண்ணி கொண்டு வந்த
பவுனு மகராசா - இப்ப
பங்களா இருக்குதையா
பாக்க நீ இல்லையே!

கேக்கு தின்ன நாயும் இங்க
கெடந்து தவிக்குதையா - ஒன்
காலு நோவு தீந்திருச்சோ
கண்ண மூடிப் போனீரோ!"

பெண்கள் கதறினார்கள். ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முத்துலிங்கம் தரையிலிருந்து பார்வையை எடுக்கவேயில்லை. அம்மாக்கண்ணு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ஒரு வரி விடாமல் பாடி முடித்தாள்.

ஏசுவதற்கு வேண்டிய தமிழ் மட்டுமே தெரிந்த துரை, கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். சீமையில் தனக்கு இப்படிப் பாட யார் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய், தான் நாளைக்குக் கப்பலேறும்போது கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து இதையே பாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.