திறக்காத குழாய்

எங்கள் சலூன் நாற்காலியில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். "தலையெல்லாம் பேன்மா. போன கடையில தொடவே மாட்டேன்னுட்டாங்க," என்று அவள் அப்பா குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். "கிளாஸ்லயும் யாரும் பக்கத்துல உட்கார மாட்டேங்கிறாங்க," என்கிறாள் சிறுமி, கண்ணாடியைப் பார்க்காமல். என் அக்கா கையுறையை மாட்டுகிறாள். அந்த ரப்பர் சத்தத்துக்கே குழந்தையின் தோள் குறுகுகிறது. உடனே அக்கா அதைக் கழற்றி மேசையில் போடுகிறாள். கதவுப்பிடியைத் தொட்டாலே கைகழுவ ஓடுகிறவள் அவள். சோப்பில் ஊறி ஊறி விரல் கணுவெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பள்ளியில் படித்த காலத்தில் அக்காவுக்குப் பேன்மண்டை என்று பட்டம். அவள் மேல் உரசிவிட்டால் போதும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குழாயடிக்கு ஓடிக் கைகழுவுவார்களாம். அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இவளால்தான் நிறுத்த முடியவில்லை. இப்போது ஜன்னல் வெயிலில் ஈரக்கூந்தல் மினுங்க, வகிடு வகிடாகப் பிரித்து, வெறுங்கையால் பேன்சீப்பை இழுக்கிறாள். உதடு வெளுத்திருக்கிறது, கை மட்டும் நிற்கவில்லை. "எவ்ளோ அடர்த்திடா உன் முடி! என் சீப்பே திணறுது." சிறுமி முதல்முறையாக நிமிர்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். பின்னல் முடிகிறது. அப்பாவும் மகளும் வாசலில் செருப்பு மாட்டுகிறார்கள். அக்கா விரல்களை விரித்தபடி வாஷ்பேசின் முன்னால் போய் நிற்கிறாள். நான் குழாயைத் திறந்துவிடக் கை நீட்டுகிறேன். "திறக்காதடி," என்கிறாள் மெதுவாக. "தண்ணிச் சத்தம் அவ காதுல விழும். படி இறங்கட்டும்."