பெனால்டி அழுகை

கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டு, பெர்க்மான்ஸ் மண்டியிட்டு ஜெர்சியால் முகத்தை மூடி அழுதார். அவர் போட்ட கோல்களையெல்லாம் மறந்துவிட்ட ஜனங்கள் அந்த அழுகையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆடுவதை நிறுத்திய பிறகு ஒரு டிவி அவரைக் காமெடி நிகழ்ச்சிக்கு அழைத்ததும் அதற்காகத்தான். வாரம் ஒரு நடிகர் கோல்கீப்பராக நிற்பார். பெர்க்மான்ஸ் மேலே அடித்துவிட்டு அழ வேண்டும்.

முதல் நாள் பந்து வலைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பல டேக்குக்குப் பிறகு ஒருவழியாக மேலே போனது. அவர் மண்டியிட்டு ஜெர்சியைத் தூக்கினார்.

"சார், முகத்த மூடாதீங்க," என்றார் இயக்குநர். "அழுறது தெரியணும்ல. ரெண்டு கையையும் தலையில வச்சுட்டு லைட்டப் பாருங்க."

நான்கு வருடம் லைட்டைப் பார்த்தே அழுதார். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அம்மா இறந்தபோது, சவப்பெட்டியை மூடுமுன் அவள் முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டார்கள். பெர்க்மான்ஸ் மண்டியிட்டார். கைகள் தாமாகவே தலைக்குப் போயின. முகம் மாதா கோவில் ஜன்னலின் வெளிச்சத்தைத் தேடி நிமிர்ந்தது. பின்வரிசையில் யாரோ வந்த சிரிப்பை இருமி மறைத்தார். அடுத்தவரால் அதுவும் முடியவில்லை, எழுந்து வெளியே ஓடினார்.

மனைவி குனிந்தாள்.

"முகத்த மூடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

அவர் அசையவில்லை. அவள் தன் முந்தானையை இழுத்து அவர் முகத்தில் போட்டாள். அவர் அதை விலக்கிவிட்டு அழுதார்.